வாசல்கிட்ட வந்துட்டேன்

தன் மூக்குக்கண்ணாடியின் மேல் தானே உட்கார்ந்தார், ஊருக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பல்செட்காரர். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. ரயில் பெட்டியில் எதிரே இருந்தவர்களுக்கு, கொட்டாவி விட்டபோது பல்செட் கழன்று தேநீர்க் கோப்பைக்குள் விழுந்துவிட்ட ஒரு பெரியவரின் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவராக நடிக்கக் கண்ணாடி இடைஞ்சலாக இருந்தது. கழற்றி இருக்கையில் வைத்தார். கோப்பையாக நடிக்க எழுந்து நின்றார். அவருக்கு மட்டும் கேட்ட ஒரு கைதட்டலை ஏற்றுக்கொண்டு, நிறைந்த மனதோடு உட்கார்ந்தார். நறுக்கென்று ஒரு சத்தம். கதைக்குக் கிடைக்காத சிரிப்பு அதற்குக் கிடைத்தது.

உடைந்ததை எல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லையென்றால் கை நீட்டும் தூரம் வரைதான் அவருக்கு உலகம். அதற்கு அப்பால் மனிதர்கள், விளக்குகள், கட்டடங்கள் எல்லாம் தண்ணீரில் கரைந்த சாயம். முந்தைய ரயிலையும் இப்படித்தான், தன் பல்செட் பட்டறையில் ஒரு கதைக்குப் பலி கொடுத்துத் தவற விட்டிருந்தார். இந்த ரயில் நிற்கும்போது வெளியே வெயில் போயிருந்தது. இருட்டு இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் யாருமில்லாத அந்தச் சாம்பல் நேரம்.

மகளின் வகுப்பைக் கோட்டைவாசல் பார்க்கக் கூட்டிப் போயிருந்தார்கள். இருட்டுவதற்குள் அங்கேயே வந்து பெற்றவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கோட்டை என்று இப்போது ஒன்றும் இல்லை. மதிலை எந்தக் காலத்திலோ இடித்துவிட்டார்கள். வாசல் மட்டும், வீடு மறந்துவிட்டுப் போன கதவு மாதிரி, நகரத்தின் நடுவில் தனியாக நிற்கிறது. அதற்குக் கீழே மகள் நின்றுகொண்டிருப்பாள்.

போன தடவை இப்படித்தான் அவர் பள்ளிக்கு அழைக்கப் போக வேண்டியிருந்தது; நேரத்துக்குப் போகவில்லை. வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்த குழந்தை, அந்த வாட்ச்மேனின் இரண்டு மகள்கள், மருமகன், அவர்கள் வீட்டு நாய் வரை அத்தனை பேரின் கதையும் தெரிந்துகொண்டு, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தாள். சட்டென்று பற்றிக்கொள்ளும் குணம் என்பதால் அவளுக்குத் தீப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார் அவர். அன்றைக்குப் பற்றிக்கொள்ளவில்லை. "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். திட்டியிருந்தால் அவர் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பார். பரவாயில்லை என்பதற்கு அவரிடம் ஜோக் இல்லை.

அதனால்தான் இன்றைக்கு நான்தான் போவேன் என்று மனைவியிடம் கெஞ்சி வாங்கியிருந்தார். கடைசித் தடவையாக நம்புகிறேன் என்று அவள் சொன்னாள். காலையில் மகளுக்கு ஷூ மாட்டிவிடும்போது அவளும் ஒன்று சொன்னாள்.

"அப்பா, வந்துட்டேன்னு சொல்லக் கூடாது. வரணும். சரியா?"

"சரிடா, வந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை.

பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போதே போன் அடித்தது. மிஸ்ஸின் போனிலிருந்து மகள்.

"எங்கப்பா இருக்கே?"

"வந்துட்டேன்டா தீப்பெட்டி. வாசல்கிட்ட வந்துட்டேன்."

இதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. குளியலறையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு வந்துட்டேன் என்பார். செருப்பைத் தேடிக்கொண்டே வந்துட்டேன் என்பார். சில நாள் போர்வைக்குள்ளிருந்தும். அவர் மட்டுமா? கிளம்பப்போகிறேன் என்பதற்கு எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் அதுதானே? கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். மறுமுனையில் ஒரு பெருமூச்சு வரும். அதோடு கணக்கு நேராகிவிடும்.

இன்றைக்குப் பெருமூச்சு வரவில்லை.

"ம்ம், பார்த்துட்டேன். கையை ஆட்டுறியே" என்றாள் மகள். போன் நின்றது.

அவர் சிரித்தார். பரவாயில்லை, பெண்ணுக்கும் நடிப்பு வருகிறது; ரத்தம் எங்கே போகும்? சிரித்துக்கொண்டே நான்கைந்து அடி நடந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு வாயில் ஒட்டாமல் கழன்றது. அவள் குரலில் கிண்டல் இல்லை. சந்தோஷம் இருந்தது. அவருடைய ஒரு கையில் போன், மறு கையில் பை. எந்தக் கையையும் அவர் ஆட்டியிருக்கவில்லை.

ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து பார்த்தால் நேரே, சாலையின் கோடியில், கோட்டைவாசல் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் அந்தப் படியில் நின்றுதான் படம் எடுப்பார்கள். ஒரே நேர்ச்சாலை, குருடன்கூடத் தவற விட முடியாது என்று அவரே பலருக்கு வழி சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அவருக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் கறை மட்டும். விளக்கு போட்டிருக்கிறார்கள் போல. குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டி எதுவும் உள்ளே போகாது. நடக்கத்தான் வேண்டும். நடந்தார்.

ஒரு பக்கம் குவித்த மண், மறுபக்கம் பள்ளம், நடுவில் பலகை போட்ட ஒற்றையடி வழி. ஈர மண்ணின் வாடையும் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரின் புளித்த வாடையும் மூக்கில் ஏற, ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் கரகரப்பு இரண்டு பக்கமும் தன்னைத் தாண்டித் தாண்டி முன்னே ஓட, கண் விட்ட வேலையைக் காதும் மூக்கும் எடுத்துக்கொண்டதுபோல அவர் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கவனித்தார். அவருடைய இடது ஷூ நடக்கும்போது கீச்சிடும். அந்தச் சத்தத்தை வைத்தே மாடிப்படியில் அவர் வருவதை மகள் கண்டுபிடித்துவிடுவாள். கீச், கீச். பழகிய சத்தம்தான். ஆனால் அது அவர் காலடியிலிருந்து வரவில்லை. முன்னால், பலகை வழியில், கொஞ்ச தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

நின்றார். அது நிற்கவில்லை.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டார். தோண்டிய சாலையில் சத்தம் எப்படி வேண்டுமானாலும் போகும். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இந்த விளக்கமே அதிகம். இடது காலைத் தூக்கி அழுத்தி வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. பஞ்சில் வைத்த மாதிரி இறங்கியது.

நேற்று ராத்திரி தூங்க வைக்கும்போது அவளுக்கு அந்த வாசலைப் பற்றி ஒரு கதை சொல்லியிருந்தார். உண்மைக் கதை அவருக்குத் தெரியாது. அது ஒரு குறையாக அவருக்குப் பட்டதும் இல்லை. அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்தால் வாசலைச் சாத்திவிடுவார்கள். நேரம் கழித்து வந்தவன் வெளியே நிற்க வேண்டும். காவல்காரன் உள்ளே பார்த்து, இது உங்க ஆளா என்று கேட்பான். உள்ளே இருந்து சொந்தக்காரர் ஒருவர் ஆமாம் என்றால் திறப்பான். ஒரு பெயருக்கு ஒரு தடவைதான். அதே பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னொருவன் வந்தால் கிடையாது.

யாருமே ஆமாம் சொல்லாவிட்டால் என்று மகள் கேட்டாள். வெளியிலேயே உட்கார வேண்டியதுதான், இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், யாராவது லேட்டா வருவாங்களா என்று பார்த்துக்கொண்டு, என்றார் இவர். யாராவது லேட்டா வந்தா உட்கார்ந்திருக்கறவங்களுக்கு என்னப்பா லாபம் என்றாள். விலாவில் கிச்சுகிச்சு மூட்டினார். கதையின் முடிவு தெரியாதபோதெல்லாம் அவர் செய்வது அதுதான்.

ஒரு கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. சாவி வெட்டும் கடை. இரும்பை இரும்பு அறுக்கும் கூர்மையான சத்தமும், சூடான எண்ணெயின் வாடையும். சாவிக்காரரிடம் வாசல் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பாதி வழி வந்திருப்பார். இருந்தாலும் ஒரு மனிதக் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

சாவிக்காரர் தலை நிமிரவில்லை. "பக்கந்தான் சார்" என்றார். பிறகு நிமிர்ந்தார். "இப்பத்தானே கேட்டுட்டுப் போனீங்க? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

"நானா?"

"ஜோக்கெல்லாம் சொன்னீங்களே சார். கோப்பையில பல்லு விழுந்த கதை." சாவிக்காரர் நினைத்துச் சிரித்தார். "அந்தக் கோப்பை மாதிரி நின்னீங்க பாருங்க, அதான் நல்லா இருந்துச்சு."

அந்தக் கதைக்கு இவ்வளவு நாளில் முதல் சிரிப்பு. அவருக்கு ஒரு கணம் பொறாமை வந்தது. யாருடைய பேரில் பொறாமை?

வேகமாக நடந்தார். பாதி நடை, பாதி ஓட்டம். மஞ்சள் கறை பெரிதாகவே இல்லை. காற்று எதிரே வீசியது. அதில் ஒரு வாடை வந்தது. உருகிய மெழுகு, பல்செட் பொடியில் கலக்கும் திரவத்தின் காட்டமான வாடை. அவர் பட்டறையின் வாடை. எத்தனை சோப்பு போட்டாலும் அவர் விரலை விட்டுப் போகாதது. தன் தலையணை வரை அது வந்துவிட்டது என்று மனைவி சண்டை போடுவது. கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றும் இல்லை. தண்ணீரின் வாடை கூட இல்லை. அந்த வாடை முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் தன் வாடையின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

மிஸ்ஸுக்குப் போன் போட்டார்.

"மிஸ், தீப்பெட்டி அப்பா பேசறேன்."

மறுமுனையில் சிரிப்பு. பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறை, உள்ளங்கையில் ஒரு பல்செட்டை வைத்து, அதையே பேச வைத்துக்கொண்டு நுழைந்தவர் அவர். அன்றிலிருந்து அவரைப் பார்த்தாலே மிஸ் சிரிப்பார். அது அவருக்கு எப்போதும் பெருமையாக இருந்தது.

"பக்கத்துல நின்னுக்கிட்டே போன் பண்ணுவீங்கன்னு உங்க பொண்ணு அப்பவே சொன்னா சார்."

"இல்ல மிஸ். நான் இன்னும்..."

அடுத்த சொல் வரவில்லை. 'வரல' என்பதுதான் அந்தச் சொல். சின்னச் சொல். வாழ்நாளில் அவர் வாய் அதை ஒருமுறையும் சொன்னதில்லை. நாக்கு அந்தப் பாதையில் நடந்ததே இல்லை. தடுமாறியது. பழக்கப்பட்ட பக்கமே திரும்பியது.

"நான் கண்ணாடி போட்டிருக்கேனா மிஸ்?"

மிஸ் இன்னும் அதிகமாகச் சிரித்து, அந்தக் கேள்வியை அந்தப் பக்கம் யாரிடமோ திருப்பிச் சொன்னார். மகளின் குரல் எட்டக் கேட்டது. போட்டிருக்காரே என்றது. அப்புறம் அந்தக் குரல் போனை விட்டு விலகி, வேறு யார் முகத்தையோ அண்ணாந்து பார்த்துக் கேட்டது.

"அப்பா, உன் உடைஞ்ச பல்லு எங்கே? சரி பண்ணிட்டியா?"

ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவரின் முன்பல்லில் ஒரு மூலை உடைந்து கிடந்தது. நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணப் படத்தில்கூட அது இருக்கிறது.

ஒரு ஆண் குரல் பதில் சொன்னது. மெதுவாக, திருத்தமாக. ஒவ்வொரு எழுத்தும் பாலிஷ் போட்டு வைத்த மாதிரி.

"உனக்காகத்தான்டா, தீப்பெட்டி."

அவருடைய குரல்தான். அவரைவிட நன்றாகப் பேசியது.

போன் நின்றுவிட்டது. சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு சில்லு விரலைக் கீறியது. சில்லுகள் மட்டும் இருந்தன. பிரேம் இல்லை. பயந்தால் அவர் நாக்கு தானாக அந்த உடைந்த பல்லுக்குத்தான் போகும்; சின்ன வயதில் மற்றவர்கள் நகம் கடிப்பது மாதிரி. போனது. தொட்டது. பல் ஆடியது.

வலிக்கவில்லை. அதுதான் மோசம். அச்சிலிருந்து மெழுகு கழல்வதுபோலக் கழன்று, நாக்கின் மேல் படுத்தது. உள்ளங்கையில் துப்பினார். அவருடையதுதான், அந்த உடைந்த மூலை அவருக்குத் தெரியாதா? பக்கத்துப் பல்லைத் தொட்டார். தொட்டிருக்கக் கூடாது. அதுவும் வந்தது.

ஓடினார். கால் சத்தமில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். ஓட ஓட வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூடிய வாய்க்குள் ஒவ்வொன்றாக விழுந்தன. எந்தப் பல் என்று எண்ணாமலேயே அவருக்குத் தெரிந்தது, தொழில் அப்படி.

போன் அதிர்ந்தது. மனைவி.

"நேரத்துக்குப் போயிட்டீங்களாமே?" என்றாள். அவள் குரலில் அப்படி ஒன்றை அவர் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. "மிஸ் இப்பத்தான் சொன்னாங்க. முதல் ஆளா நிக்கிறீங்களாம். நான் உங்களை என்னென்னமோ நினைச்சுட்டு..."

அவள் அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள். அந்த அழுகைக்காக அவர் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

அது நானில்லை என்று சொன்னார். சொன்னதாக நினைத்தார். வாயிலிருந்து வந்தது ஈரமான காற்று.

கேட்கவில்லை, சத்தமாக இருக்கிறது என்றாள் அவள். "சரி, சீக்கிரம் வாங்க ரெண்டு பேரும். நான் காத்துட்டு இருக்கேன்."

ரெண்டு பேரும்.

பல்செட் கட்டியதும் ஆட்களை அவர் பேச வைத்துப் பார்ப்பார். தந்தை, தத்தை, பத்து. 'த' வரிசைக்கு முன்பல் வேண்டும்; நாக்கு போய் முட்ட ஓர் இடம் வேண்டும். பல் இல்லாவிட்டால் அந்த எழுத்து காற்றாகிவிடும். இப்போது ஓடிக்கொண்டே அவர் தனக்குத்தானே அந்தச் சோதனையை வைத்துப் பார்த்தார். தீப்பெட்டி. ஈப்பெட்டி. தீப்பெட்டி. ஈ. ஈ. இருட்டில் ஒரு ஆள் ஈ என்று கத்திக்கொண்டு ஓடினால் யார் நிற்பார்கள்? எதிரே வந்த ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு மண் குவியலின் மேல் ஏறி வழி விட்டாள்.

திடீரென்று வாசல் எதிரே நின்றது. வளரவே வளராத மஞ்சள் கறை, ஒரே அடியில், தலைக்கு மேல் கல்லாக எழுந்தது. சுற்றிலும் கம்பி வேலி. இந்தப் பக்கத்திலிருந்து போக வளைவுக்குள் நுழைவதுதான் வழி. அந்தப் பக்கம் தோட்டம், விளக்கு, பேச்சுச் சத்தம். நடுவில் வளைவின் இருட்டு, பத்தடி இருக்கும். அவ்வளவுதான்.

நுழைந்தார்.

உள்ளே குளிர். பழைய கல்லின் குளிர். இரண்டு பக்கமும், அந்தக் காலத்தில் காவல்காரர்கள் உட்கார்ந்திருந்த கல் மேடை. அதன் மேல் வரிசையாக மூட்டைகள். மூட்டைகள்தான். குழாய் பதிப்பவர்களின் சிமென்ட் மூட்டைகளாக இருக்கும். மூச்சு விடும் சத்தம் தன்னுடையதுதான் என்று முடிவு செய்தார். தன் மூச்சை அடக்கினார்.

சத்தம் நிற்கவில்லை.

அவர் போக வழிவிட்டு, ஒரு மூட்டை காலை மடக்கிக்கொண்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவின் கோடியில் கம்பிக் கதவு. பாதி சாத்தியிருந்தது. காவல்காரர் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். அவர் பின்னால் வெளிச்சம். வெளிச்சத்தில் கரைந்த உருவங்கள். மற்றப் பிள்ளைகளை எல்லாம் அழைத்துப் போயிருந்தார்கள். ஒரு பெண், மிஸ்ஸாக இருக்கும். ஒரு சிவப்புப் பை. அந்தப் பை பல்செட்காரர் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. பை பக்கத்தில் ஒரு ஆள். அவர் உயரம். அவர் தோள். லேசாக இடது பக்கம் சாய்ந்து நிற்கும் நிலை. முகம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மின்னியது. அதற்குக் கீழே, வெள்ளையாக, வரிசை தவறாமல், பற்கள்.

அந்த ஆள் கையைத் தூக்கினார். ஆட்டினார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டார் பல்செட்காரர். கத்தினார். அவள் பெயர் வரவில்லை. தன் பெயர் வரவில்லை. உதடுகள் இருந்தன, உதடு மட்டும் போதுமான ஒரே சொல் வந்தது.

"அப்பா."

பல் முளைக்காத குழந்தைகூடச் சொல்லும் சொல்.

"அப்பா. அப்பா."

"பாவம்" என்றார் மிஸ். "அவங்க அப்பாவைத் தேடறார் போல. இந்த வயசுல."

எந்த வயசு? கையைப் பார்த்தார். கை நீட்டும் தூரத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியும் அவருக்கு. கம்பியைப் பிடித்திருந்த கை தெளிவாகத் தெரிந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

காவல்காரர் சங்கிலியைப் பிரித்தார். தினமும் கேட்கிற கேள்விபோல, சலிப்போடு, உள்பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இது உங்க ஆளாம்மா? உங்ககூட வந்தவரா?"

சிவப்புப் பை நகர்ந்தது. கரைந்திருந்த சின்ன உருவம் வெளிச்சத்திலிருந்து வந்தது, வந்தது, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது. இப்போது கை நீட்டும் தூரம். புருவத்தில் வியர்வை. சாயம் பட்ட விரல். காலையில் அவர் பின்னிவிட்ட ஜடை, ஒரு பக்கம் தூக்கலாக. அவளுடைய முகம், ஒவ்வொரு ரோமத்தோடும்.

அவள் அண்ணாந்து அவரையே பார்த்தாள். ரொம்ப நேரம். பொய் சொல்லத் தெரியாத கண்.

பிறகு பாவாடைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கம்பிக்குள் கையை விட்டு, அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். மெதுவாகத் துடைத்தாள். அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அதற்குள் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா" என்றார். கெஞ்சினார். "அப்பா?"

அவள் எட்டி, கம்பிக்கு நடுவில் வாயை வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படிச் சொன்னாள்.

"தெரியும்ப்பா. நீதான்னு தெரியும். ஆனா அவரு வந்துட்டாரு."

திரும்பி, காவல்காரரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"இல்ல அங்கிள். எங்க ஆள் இல்ல."

பூட்டு விழுந்தது. கீச், கீச் என்று ஒரு நடையும், அதன் பக்கத்தில் துள்ளிக்கொண்டு ஒரு சின்ன நடையும் தோட்டத்துச் சரளைக் கல்லில் தேய்ந்து போயின. கோப்பையில் பல் விழுந்த கதையை யாரோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவருக்குப் பின்னால், இருட்டில், கல் மேடையில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்து, நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டார்கள். தடுமாறியவர் அங்கேதான் கையை ஊன்றினார்.

அந்த இடம் மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல், இன்னும் சூடாக இருந்தது.